குடல் இணைப்பும் ஆக்சிஜன் கணக்கும்: ஒரு வேதியியல் ஆசிரியரின் அறுவைச் சிகிச்சை அனுபவம்

முப்பத்தொரு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். 2023 செப்டம்பரில், என் அறுபத்து மூன்றாவது வயதில், பெருங்குடலும் மலக்குடலும் சேரும் இடத்தில் இருந்த ஒரு புற்றுக்கட்டியை நீக்கி, வெட்டிய இரு முனைகளையும் மீண்டும் இணைக்கும் அறுவைச் சிகிச்சை எனக்கு நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் மிகுதியாக யோசித்த பொருள் புற்றுநோய் அன்று, ஆக்சிஜன். கண் விழித்தபோது முகத்தில் இருந்த முகமூடியும், அதைப் பற்றி நான் கேட்ட ஒரு கேள்வியும் அதற்குக் காரணம்.

மலத்தில் இரத்தம் போவதை ஏழு மாதங்கள் மூலம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கருணைக்கிழங்கும் துத்திக் கீரையும் சாப்பிட்டேன். படியேறும்போது மூச்சு வாங்கியதை வயதின் கணக்கில் எழுதினேன். என் மனைவி விடாப்பிடியாக இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது ஹீமோகுளோபின் நூறு மில்லி லிட்டர் இரத்தத்துக்கு 8.9 கிராம் என்று குறைவாக வந்தது. பெருங்குடலுக்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியில், ஆசனவாயிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் உயரத்தில் கட்டி தெரிந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இரத்தப் போக்கை மூலம் என்று தாங்களே முடிவு செய்துகொள்ள வேண்டாம் என்பதை மட்டும் இந்த இடத்தில் சொல்லிவிட்டு நகர்கிறேன். அது தனியே எழுத வேண்டிய கதை.

அறுவைச் சிகிச்சை நிபுணர் நான்கு வாரம் கழித்து ஒரு நாளைக் குறித்தார். புற்றுநோய் என்று தெரிந்த பிறகு நான்கு வாரம் காத்திருப்பதா என்று வீட்டில் எல்லோரும் பதறினார்கள். அந்த நான்கு வாரமும் வெறும் காத்திருப்பு அல்ல, வேலை நாட்கள் என்று அவர் விளக்கினார். முதல் வேலை, இரும்புச் சத்தை ஆயிரம் மில்லிகிராம் அளவில் டிரிப் வழியாக ஏற்றுவது. இரண்டாவது, நாற்பது ஆண்டுகளாக என்னுடன் இருந்த சிகரெட்டை அன்றே விடுவது. மூன்றாவது, தினமும் முட்டையும் பருப்பும் தவறாமல் சாப்பிட்டு, காலை மாலை நடப்பது. அவர் வாயில் அடிக்கடி வந்த சொல் "இணைப்பு". கட்டியை எடுப்பதைவிட, எடுத்த பிறகு போடும் இணைப்பு ஒட்டிக்கொள்வதே அவருக்குப் பெரிய கவலை என்று தோன்றியது. குடலின் உள்ளே இருப்பது மலமும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகளும். இணைப்பில் ஓர் ஊசித்துளை அளவு பிரிந்தாலும் அவை வயிற்றறைக்குள் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மலக்குடலில் இன்னும் கீழே, ஆசனவாய்க்கு அருகில் இணைப்புப் போடும்போது கசிவின் வாய்ப்புக் கூடுதலாம். அதனால் அங்கெல்லாம் சில மாதங்களுக்கு வயிற்றில் மலம் சேரும் பை வைப்பார்கள் என்றும், என்னுடையது மேலே இருப்பதால் அநேகமாகத் தேவைப்படாது என்றும் சொன்னார்.

சிகரெட்டை விடச் சொன்னதன் வேதியியல் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுதான் வெட்கக்கேடு. கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் பற்றிக்கொள்ளும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிவிட்டு, இடைவேளையில் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றவன் நான். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும் ஒருவரின் இரத்தத்திலிருந்து அந்த வாயுவில் பாதி வெளியேற நான்கைந்து மணி நேரம் போதும். ஆகவே ஒரு நாள் விட்டாலே அது பெரும்பாலும் போய்விடும். ஆனால் நிகோட்டின் சுருக்கும் சிறு இரத்தக் குழாய்கள், சளியை மேலே தள்ளும் நுரையீரலின் நுண்மயிர்கள், காயம் ஆற்றும் செல்கள் ஆகியவை தேறுவதற்குச் சில வாரங்கள் வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு நான்கு வாரமாவது முன்னதாகப் புகையை விட்டவர்களுக்குச் சிக்கல்கள் குறைகின்றன என்று உலக சுகாதார நிறுவனமும் 2020-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எனக்குக் கிடைத்தது சரியாக அந்த நான்கு வாரம்.

அறுவை அரங்கில் எனக்கு நினைவிருப்பது குளிர். மார்கழி விடியலில் தாமிரபரணியில் இறங்கியது போன்ற குளிர். நடுங்கத் தொடங்கியதும், மயக்க மருத்துவரான ஓர் இளம் பெண், ஒரு குழாயின் வழியே வெதுவெதுப்பான காற்று ஊதும் காகிதப் போர்வையை என் மேல் விரித்தார். "நீங்க நடுங்கக் கூடாது சார். அது உங்களுக்காக மட்டுமில்ல, குடலுக்காகவும்தான்" என்றார். அதற்கு என்ன பொருள் என்று கேட்பதற்குள் மயக்கம் வந்துவிட்டது.

விழித்தபோது முகத்தில் முகமூடி. அதன் அடியில் தொங்கிய ஒரு பிளாஸ்டிக் பை என் மூச்சுக்கு ஏற்பச் சுருங்கி விரிந்தது. மீள்வு அறையின் சுவரில் பொருத்தியிருந்த புட்டியில் தண்ணீர் கொப்பளிக்கும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. எலாஸ்டிக் நாடா காதுக்குப் பின்னால் அறுத்தது. தொண்டை வறண்டது. அதை இழுத்து நெற்றிக்கு மேல் வைத்துவிட்டேன். செவிலியர் மீண்டும் மாட்டினார். நான் மீண்டும் இழுத்தேன். மூன்றாவது முறை மயக்க மருத்துவரே வந்து, இரண்டு மணி நேரத்துக்குப் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். விரலில் மாட்டியிருந்த ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதே, பிறகு எதற்கு இது என்று குழறலாகக் கேட்டேன். நாளைக்கு வந்து சொல்கிறேன் என்றார். சொன்னபடி வரவும் செய்தார். மருத்துவமனைகளில் இது அடிக்கடி நடக்கும் காரியம் இல்லை.

மறுநாள் அவருக்காக நான் ஒரு கணக்கைத் தயாராக வைத்திருந்தேன். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி லிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். இரும்பு ஏற்றி நான்கு வாரத்தில் 8.9-லிருந்து 11.1-க்கு வந்திருந்தேன். அதாவது நூறு மில்லி லிட்டர் இரத்தம் சுமக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ 12 மில்லி லிட்டரிலிருந்து 15-க்கு உயர்ந்திருக்கிறது. ஹீமோகுளோபினோடு சேராமல் இரத்த நீரில் நேரடியாகக் கரைந்திருக்கும் ஆக்சிஜனோ, சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது 0.3 மில்லி லிட்டர்தான். காற்றில் 21 சதவீதமாக இருப்பதை 80 சதவீதமாக உயர்த்தினாலும், ஹென்றியின் விதிப்படி, அதாவது அழுத்தம் கூடும் அதே விகிதத்தில் வாயு கரைவதும் கூடும் என்ற விதிப்படி, அது ஒரு மில்லி லிட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. ஹீமோகுளோபின் ஏற்கெனவே 98 சதவீதம் நிரம்பிவிட்டது. ஆகவே இரும்பு டிரிப் தந்த லாபத்தில் மூன்றில் ஒரு பங்குகூட முகமூடி தரவில்லை என்று வாதிட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே, "கணக்கு சரி சார், ஆனா கேள்வி தப்பு" என்றார். முப்பத்தொரு ஆண்டுகள் நான் மாணவர்களிடம் சொன்ன வாக்கியம் திரும்பி வந்தது.

அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். காயத்தின் விளிம்பில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெட்டுப்பட்டோ அடைபட்டோ கிடக்கின்றன. விளிம்பில் இருக்கும் செல், வழக்கத்தைவிடத் தொலைவில் உள்ள ஒரு குழாயிலிருந்து தன் ஆக்சிஜனைப் பெற வேண்டும். அந்தத் தூரத்தைக் கடக்க வைப்பது இரத்தம் சுமக்கும் மொத்த அளவு அன்று, இரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம். மேல்நிலைத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது வேறு, கடைசி வீட்டுக் குழாயில் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பது வேறு. கரைந்த ஆக்சிஜன் அளவில் சொற்பமானாலும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது அதுதான். ஆகவே முகமூடி போட்டால் அழுத்தம் பல மடங்கு ஏறும். அந்த அழுத்தத்தை நம்பி இரண்டு வேலைகள் நடக்கின்றன. வெள்ளையணுக்கள் ஆக்சிஜனிலிருந்து வீரியமுள்ள மூலக்கூறுகளை உண்டாக்கித்தான் நுண்ணுயிரிகளைக் கொல்கின்றன. காயத்தை இறுக்கிப் பிடிக்கும் கொலாஜன் இழைகள் முறுக்கேறுவதற்கு, அவற்றில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஹைட்ராக்சில் தொகுதி ஏற வேண்டும். அதற்கு ஆக்சிஜன், இரும்பு, வைட்டமின் சி மூன்றும் தேவை. பழைய காலக் கடலோடிகளுக்கு வைட்டமின் சி குறைவால் ஸ்கர்வி நோய் வந்தபோது ஆறிப்போன புண்களும் திறந்துகொண்டதன் காரணம் இந்த வினைதான் என்பது நான் பாடமாக நடத்தியது. அதே வினை என் வயிற்றுக்குள் நடந்துகொண்டிருக்கிறது என்பது மட்டும் அதுவரை உறைக்கவில்லை. என் மனைவி அன்று மாலையே நெல்லிக்காய்ச் சாறு கொண்டுவரலாமா என்று கேட்டாள். கொடுக்கலாம், ஆனால் அதை மருந்தாக நம்பிக்கொண்டு முட்டையை விட்டுவிட வேண்டாம் என்று பதில் வந்தது.

இணைப்பைப் பற்றியும் அன்றே கேட்டுத் தெரிந்துகொண்டேன். குடல் சுவரின் நான்கு அடுக்குகளில், உட்படலத்துக்கு அடுத்துள்ள மெல்லிய அடுக்கில்தான் கொலாஜன் அடர்ந்திருக்கிறது. தையலும் ஸ்டேப்ளர் பின்களும் பிடிமானம் பெறுவது அதில்தான். இதை அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் 1887-லேயே காட்டிவிட்டார். முதல் மூன்று நான்கு நாட்களில் விளிம்பில் இருக்கும் பழைய கொலாஜன் கரைகிறது, புதியது இன்னும் சேரவில்லை. அந்த நாட்களில் இணைப்பைத் தாங்குவது பின்கள் மட்டுமே. அதன் பிறகுதான் உடல் தன் சொந்த இழைகளால் அதைப் பின்னத் தொடங்குகிறது. என் அறுவைச் சிகிச்சை நிபுணர் வட்ட ஸ்டேப்ளரால் இணைத்துவிட்டு, அது வெட்டித்தந்த இரண்டு தசை வளையங்களும் முழுமையாக இருக்கின்றனவா என்று பார்த்தாராம். பிறகு இடுப்புக் குழியில் தண்ணீர் நிரப்பி, ஆசனவாய் வழியே காற்றை ஊதி, குமிழி வருகிறதா என்று கவனித்தாராம். பஞ்சர் கடையில் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை என்று அவரே சொன்னார்.

ஆக, கோட்பாடு இவ்வளவு அழகாக இருக்கும்போது எல்லோருக்கும் எண்பது சதவீதம் கொடுத்துவிடலாமே என்றேன். இங்கேதான் கதை சிக்கலாகிறது. நான் வீடு திரும்பிய பிறகு வாரக்கணக்கில் படித்ததும் இதைத்தான். 2000-ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 500 பேரைப் பாதியாகப் பிரித்து, அறுவையின்போதும் அதற்குப் பின் இரண்டு மணி நேரமும் ஒரு பாதிக்கு 30 சதவீதமும் மறுபாதிக்கு 80 சதவீதமும் ஆக்சிஜன் கொடுத்தார்கள். காயத்தில் தொற்று முதல் பிரிவில் 11.2 சதவீதம், இரண்டாம் பிரிவில் 5.2 சதவீதம். பாதிக்கும் கீழே. என் முகத்தில் மாட்டிய முகமூடிக்கு இரண்டு மணி நேரம் என்று கெடு வைத்ததன் ஊற்றுக்கண் அநேகமாக இந்த ஆய்வுதான். ஆனால் 2004-இல் நியூயார்க்கில் 165 பேரிடம் செய்த ஆய்வில் முடிவு தலைகீழாக வந்தது. எண்பது சதவீதம் பெற்றவர்களில் கால் பங்கினருக்குத் தொற்று, குறைவாகப் பெற்றவர்களில் 11.3 சதவீதத்தினருக்கு. அடுத்த ஆண்டே ஸ்பெயினில் 300 பேரிடம் மீண்டும் எண்பதுக்குச் சாதகமாக, 24.4-க்கு எதிராக 14.9 என்று வந்தது. 2009-இல் டென்மார்க்கின் பதினான்கு மருத்துவமனைகள் சேர்ந்து 1,400 பேரிடம் பார்த்தபோது 19.1, 20.1 என்று இரண்டு தட்டும் சமமாக நின்றன. அதே நோயாளிகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், எண்பது சதவீதம் பெற்றவர்களில் இறந்தவர்கள் 23.2 சதவீதம், மற்றவர்களில் 18.3. இந்த வித்தியாசம் புற்றுநோயாளிகளிடம்தான் தெரிந்தது. அது தற்செயலா, உண்மையா என்ற விவாதம் முடியவில்லை. புற்றுநோயாளியாகப் படுக்கையில் சாய்ந்துகொண்டு அந்த வரியை வாசித்தபோது வயிறு ஒரு கணம் இறுகியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் செய்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. பெருங்குடல் அறுவை அரங்குகளில் இரண்டு வாரம் எல்லோருக்கும் 30 சதவீதம், அடுத்த இரண்டு வாரம் எல்லோருக்கும் 80 சதவீதம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, ஐயாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட அறுவைகளைக் கணக்கெடுத்தார்கள். 2018-இல் வெளியான முடிவில், ஆழமான தொற்றிலும் காயம் ஆறுவது தொடர்பான சிக்கல்களிலும் இரு பிரிவுகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இணைப்புக் கசிவையே நேரடியாக எடுத்துக்கொண்டு, அதிக ஆக்சிஜனால் அது வெகுவாகக் குறைகிறது என்று சொன்ன சில சிறிய ஆய்வுகளும் இருந்தன. அவற்றில் பலவற்றை எழுதிய ஒரே குழுவின் தரவுகளை நம்ப முடியுமா என்ற கேள்வி 2019-இல் வெளிப்படையாகவே எழுப்பப்பட்டது. உலக சுகாதார நிறுவனம், மயக்கத்தில் குழாய் வழியாகச் சுவாசிக்கும் பெரியவர்களுக்கு எண்பது சதவீதம் தர வேண்டும் என்று 2016-இல் வலுவாகப் பரிந்துரைத்துவிட்டு, 2018 இறுதியில் அதை நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரையாக இறக்கியது. மருத்துவம் தன் பேச்சைத் தானே திருத்திக்கொள்வதைப் பலர் பலவீனம் என்கிறார்கள். எனக்கு அது ஆய்வகத்தில் அளவியை மறுபடி சரிபார்ப்பது போலத்தான் படுகிறது.

அப்படியானால் அழகான கோட்பாடு எங்கே சறுக்கியது? மயக்க மருத்துவரின் பதில் ஒரே வாக்கியம்தான்: வால்வை மூடிவிட்டு மோட்டாரை எவ்வளவு ஓட்டினாலும் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் போகாது. உடல் குளிர்ந்தாலும், வலித்தாலும், இரத்தமோ நீரோ குறைந்தாலும், நிகோட்டின் ஏறினாலும், உடல் முதலில் செய்வது தோலுக்கும் குடலுக்கும் போகும் சிறு குழாய்களைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தத்தை ஒதுக்குவதுதான். அப்போது நுரையீரலில் எண்பது சதவீதம் இருந்தாலும் குடல் விளிம்புக்கு வந்து சேருவது கொஞ்சமே. வால்வு திறந்திருப்பவருக்கோ முப்பது சதவீதமே பெரும்பாலும் போதுமானது. பெருங்குடல் அறுவை செய்த 200 பேரிடம் 1996-இல் வெளியான ஒரு சோதனையில், உடல் வெப்பத்தைச் சரியாகக் காத்தவர்களில் தொற்று 6 சதவீதம், குளிரவிட்டவர்களில் 19 சதவீதம். ஒரு காகிதப் போர்வையும் வெதுவெதுப்பான காற்றும் செய்த வேலை அது. நீங்கள் நடுங்கினால் குடல் பட்டினி கிடக்கும் என்பதுதான் அரங்கில் அவர் சொல்ல வந்தது.

அதோடு, மிகை ஆக்சிஜனுக்கு ஒரு விலையும் உண்டு. காற்றில் 78 சதவீதம் இருக்கும் நைட்ரஜனை மந்தமான வாயு, வெறும் இடநிரப்பி என்றுதான் வகுப்பில் அறிமுகப்படுத்துவேன். நுரையீரலின் நுண்ணறைகளைத் திறந்து வைத்திருப்பதே அந்த இடநிரப்பிதான். ஆக்சிஜன் இரத்தத்துக்குள் விறுவிறுவென்று போய்விடும், நைட்ரஜன் அவ்வளவு எளிதில் போகாது. நைட்ரஜனை வெளியேற்றி ஆக்சிஜனால் நிரப்பினால், காற்றுவழி அடைபட்ட அறைகள் உறிஞ்சப்பட்டுச் சுருங்கிக்கொள்ளும். நாற்பது ஆண்டு சிகரெட் நுரையீரலுக்கு அது கூடுதல் ஆபத்து. "முப்பதா எண்பதான்னு இன்னும் பெரியவங்களே சண்டை போடுறாங்க. உங்க நுரையீரலைப் பார்த்து நடுவுல வச்சேன்" என்றார் அவர்.

நுரையீரல்தான் என்னை மாட்டிவிட்டது. தவறு முழுக்க என்னுடையது. வலி பத்துக்கு எத்தனை என்று செவிலியர் கேட்கும்போதெல்லாம், ஏழு இருந்தாலும் மூன்று என்று சொன்னேன். ஒன்று வீம்பு. இன்னொன்று, வலி மருந்து பழக்கமாகிவிடும், குடலைக் கட்டிவிடும் என்று பார்க்க வந்த உறவினர்கள் ஏற்றிவிட்ட பயம். வலி அடங்காததால் மேலோட்டமாக மூச்சு விட்டேன், இருமலை விழுங்கினேன், நடக்கச் சொன்னபோது நாளைக்கு என்றேன். மூன்று நீலப் பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி கட்டிலருகே அலங்காரப் பொருளாக நின்றது. இயன்முறை மருத்துவர் வரும்போது மட்டும் ஒரு பந்தைத் தூக்கிக் காட்டி நல்ல பெயர் வாங்கினேன்.

நான்காம் நாள் மாலை நாடித்துடிப்பு 112-ஐத் தொட்டது. லேசான காய்ச்சல். ஆக்சிமீட்டரில் 91. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 168 என்று வந்தது. மூன்றாம் நான்காம் நாளில் அது 150-ஐத் தாண்டினால் கசிவு இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும் என்பது அவர்களின் கணக்கு. காரணம் தெரியாத நாடி வேகமே கசிவின் முதல் அறிகுறியாக இருக்கலாம் என்று அறுவைச் சிகிச்சை நிபுணர் என் மகனிடம் தாழ்வாரத்தில் சொன்னது எனக்கும் கேட்டது. இரவு பத்து மணிக்கு ஆசனவாய் வழியே சாயம் செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அந்த உருளைக்குள் படுத்திருந்த சில நிமிடங்களில், பஞ்சர் கடைத் தொட்டியில் குமிழி கிளம்புவது மட்டுமே கண்ணுக்குள் ஓடியது.

இணைப்பில் கசிவு இல்லை. இடது நுரையீரலின் அடிப்பகுதி காற்றின்றிச் சுருங்கி, அங்கே தொற்றும் தொடங்கியிருந்தது. அன்றிரவு மூக்கில் இரண்டு லிட்டர் ஆக்சிஜன் வைத்தார்கள். அதனால் எண் 95-க்கு ஏறியது. ஏறிய எண்ணைப் பார்த்து நான் நிம்மதியானதும் மயக்க மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார்: இந்தக் குழாய் எண்ணை ஏற்றும், மூடிய நுரையீரலைத் திறக்காது. அதைத் திறக்க நான்தான் உழைக்க வேண்டும். முதல் வேலையாக வலியை உண்மையாகச் சொன்னேன். மருந்து முறையாக வந்ததும் மூச்சு ஆழமானது. ஒரு துண்டை நான்காக மடித்து வயிற்றுத் தையலின் மேல் இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமக் கற்றேன். அப்படிச் செய்தால் வலி பாதியாகிறது. மணிக்குப் பத்து முறை பந்துகளை உறிஞ்சித் தூக்கி, மூன்று விநாடி நிறுத்தினேன். பலரும் அந்தக் கருவியை ஊதுகிறார்கள், அது உள்ளே இழுப்பதற்கானது. வேகமாக இழுத்து மூன்று பந்தையும் ஒரு துள்ளு துள்ள வைப்பதைவிட, நிதானமாக இழுத்து இரண்டு பந்தை நிறுத்தி வைப்பதில்தான் பயன். படுத்துக்கொண்டு செய்வதைவிட நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து செய்தால் அடி நுரையீரல் விரிகிறது. ஆன்டிபயாடிக்கும் சேர்ந்துகொள்ள, ஏழாம் நாள் குழாய் இல்லாமலே 96 வந்தது. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆக்சிமீட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் 2021-க்குப் பிறகு அது நம் வீடுகளில் தெர்மாமீட்டருக்குச் சமமாகிவிட்டது. வீடு திரும்பிய மூன்றாம் இரவு, ஏ.சி. அறையில் உறங்கிக்கொண்டிருந்த என் விரலில் மகன் அதை மாட்டிப் பார்க்க, 86 என்று காட்டியது. ஆம்புலன்சுக்கு அழைக்கும் வரை போய்விட்டார்கள். என் மனைவி கையைத் தொட்டுப் பார்த்து, ஐஸாக இருக்கிறதே என்று போர்வைக்குள் வைத்துத் தேய்த்தாள். ஐந்து நிமிடத்தில் 96. குளிர்ந்த விரலில் இரத்த ஓட்டம் குறைவதால் கருவி தடுமாறுகிறது. நாடித்துடிப்பின் எண் நிலையாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற எண்ணை நம்ப வேண்டும். தோல் கருமையாக இருப்பவர்களுக்கு இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் உறுதியாகியிருக்கிறது. ஆகவே 92-ஐ ஒட்டி நிற்கும் எண்ணைப் பார்த்து, பரவாயில்லை என்று நம்மவர்கள் திருப்தியடையக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த எண் விரல் நுனி இரத்தத்தின் கதை மட்டுமே. குடல் இணைப்பில் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. மூச்சு வாங்கல், நாடி வேகம், காய்ச்சல், வயிறு உப்புதல், கூடிக்கொண்டே போகும் வலி, திடீரென்று உணவு பிடிக்காமல் போவது ஆகியவற்றில் ஏதேனும் முதல் இரண்டு வாரங்களில் தோன்றினால், ஆக்சிமீட்டர் 99 காட்டினாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

என் மைத்துனர், கொரோனா காலத்தில் வாங்கி மூலையில் கிடந்த ஆக்சிஜன் செறிவூட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். புண் சீக்கிரம் ஆறும், ராத்திரியில் வைத்துக்கொள்ளுங்கள் மச்சான் என்றார். அன்பை மறுப்பது கடினம். மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டோம். இரத்தத்தில் 96 இருப்பவருக்கு அது எதையும் கூட்டாது, மூக்கை உலர்த்தும், படுக்கையோடு கட்டிப்போடும் என்றார். கருவியை வைத்த இடத்திலிருந்து நாலடியில் பூஜை விளக்கு எரிந்துகொண்டிருந்ததையும் நான் மைத்துனரிடம் காட்டினேன். ஆக்சிஜன் தானாக எரியாது, எரிகின்ற எதையும் பல மடங்கு வேகத்தில் எரிய வைக்கும். ஒன்பதாம் வகுப்பில் தணல் குச்சியைக் குடுவைக்குள் நுழைத்துக் காட்டும் சோதனைதான் அது. கருவி அன்று மாலையே காரில் திரும்பிப் போனது. அதற்குப் பதிலாக, காலை மாலை என்னோடு தெருமுனை வரை நடக்க வரும்படி அவரைக் கேட்டேன். ஒரு மாதம் தவறாமல் வந்தார்.

இனி இதே அறுவைக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால், எத்தனை சதவீத ஆக்சிஜன் தருவீர்கள் என்று மருத்துவரிடம் மல்லுக்கட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். அது உங்கள் இதயத்தையும் நுரையீரலையும் பார்த்து மயக்க மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. அதற்குப் பதிலாக, என் ஹீமோகுளோபின் எவ்வளவு, குறைவென்றால் இரும்பு ஏற்ற நேரம் இருக்கிறதா, அரங்கில் உடம்பைச் சூடாக வைக்கும் ஏற்பாடு உண்டா, அறுவைக்குப் பின் வலிக்கு என்ன திட்டம், எந்த நாள் எழுப்பி நடக்க வைப்பீர்கள் என்று கேளுங்கள். புகைப்பவராக இருந்தால் அந்தக் கேள்விகளைக் கேட்கும் முன்பே பாக்கெட்டைத் தூக்கிப் போடுங்கள். மூன்று பந்துக் கருவியை அறுவைக்கு முந்தைய வாரமே வாங்கி, வலியில்லாத நாட்களில் பழகிக்கொள்ளுங்கள். மீள்வு அறையில் முகமூடி மாட்டியிருந்தால், எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக நான் செய்ததைப் போல இழுத்துப் போடாதீர்கள். மயக்கம் தெளியும் நேரத்தில் மூச்சு மந்தமாக இருக்கும் என்பதால் அந்த ஓரிரு மணி நேரத்துக்கு அது தேவைதான். காது அறுத்தால் செவிலியரிடம் சொல்லிப் பஞ்சு வைத்துக்கொள்ளலாம்.

ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனபோது, வீடு திரும்பும் நாளில் தந்த சுருக்க அறிக்கையை மீண்டும் படித்தேன். நான்கு பக்கங்கள். ஸ்டேப்ளரின் அளவு, தையல் நூலின் வகை, ஒவ்வொரு மாத்திரையின் பெயர் எல்லாம் இருந்தன. ஆக்சிஜனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பதிவேட்டுப் பிரிவில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, மயக்க மருத்துவரின் குறிப்புத்தாளின் நகலை வாங்கினேன். கட்டம் போட்ட ஒரே தாள், ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம். ஆக்சிஜன் வரிசையில் முதலில் 50 என்று எழுதி, இறுதி வரை ஒரு நேர்கோடு இழுத்திருந்தார். உடல் வெப்பம் 36.2, பிறகு 36.4. இரத்த அழுத்தக் கோடு மட்டும் இரண்டு இடங்களில் சரிந்திருந்தது. இரண்டு இடத்திலும், அடுத்த கட்டத்திலேயே, அவர் கையெழுத்தில் ஒரு மருந்தின் பெயர் இருந்தது. அதற்கடுத்த கட்டத்தில் கோடு பழைய உயரத்துக்கு வந்துவிட்டிருந்தது.